வீடு: கேள்வி – பதில்
கழிவுக் குழாய்களை மூடுவதற்கு முன்

பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது குளியலறையின் கழிவுக் குழாய்களையும் அவற்றுக்கான காற்றுக் குழாய்களையும் எவ்வாறு சரிபார்ப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இம்முறை விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: குரோம்பேட்டையில் என் மாமனார் முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டைப் புதுப்பித்து வருகிறோம். கீழே இருந்த குளியலறையை முழுவதும் இடித்துவிட்டோம். மாடியில் புதிதாக ஒன்று அமைக்கிறோம். இரண்டிலும் சன்கன் தளத்தில் (குழாய்களுக்காக மட்டம் தாழ்த்திய தளத்தில்) குழாய் பதித்தாகிவிட்டது. நாளை மறுநாள் செங்கல் ஜல்லி கொட்டி மூடிவிடலாம், சனிக்கிழமை டைல்ஸ் வேலை தொடங்கும் என்கிறார் மேஸ்திரி. எனக்குக் குழாய் வேலை பற்றி எதுவும் தெரியாது. மூடுவதற்கு முன் நான் எவற்றைப் பார்க்க வேண்டும், ஐயா?
– வாசகி, சென்னை

பதில்: முதல் வேலையாக டைல்ஸ் போடுபவரை மூன்று நாள் தள்ளி வரச் சொல்லிவிடுங்கள், அம்மா. மேஸ்திரி முகம் சுளிப்பார், பரவாயில்லை. ஜல்லி விழுந்துவிட்டால், அந்தக் குழாயை நீங்கள் மறுபடி பார்ப்பது குளியலறையை உடைக்கும் நாளில்தான்.

கண்ணால் பார்க்க வேண்டியவற்றை முதலில் சொல்கிறேன். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். வீட்டுக் கழிவுக்கான பி.வி.சி. குழாய்களுக்கு ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. அதில் ‘ஏ’, ‘பி’ என இரண்டு வகைகள் உண்டு. ‘ஏ’ வகை மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்கும் உரியது. மலக்கழிவுக்கும் குளியலறை, சமையலறைக் கழிவுநீருக்கும் ‘பி’ வகைதான் பொருந்தும். 110 மி.மீ. குழாயில் ‘ஏ’ வகையின் சுவர் குறைந்தது 2.2 மி.மீ. கனமும் ‘பி’ வகையின் சுவர் குறைந்தது 3.2 மி.மீ. கனமும் இருக்க வேண்டும். நிறத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், கடையில் விலை குறைந்ததை எடுத்து வந்து பதித்துவிட்டால் பிறகு எவருக்கும் தெரியாது. வெட்டி எறிந்த துண்டு ஒன்று தளத்தில் எங்காவது கிடக்கும். அதை எடுத்து விளிம்பின் கனத்தை ஓர் அளவுகோலால் அளந்து பாருங்கள்.

அடுத்தது சரிவு. 110 மி.மீ. குழாய்க்கு நாற்பதில் ஒன்று முதல் அறுபதில் ஒன்று வரை சரிவு கொடுப்பது வழக்கம்; அதாவது 10 அடி நீளத்துக்கு 2 முதல் 3 அங்குலம் வரை இறங்க வேண்டும். கை நீளமுள்ள ரசமட்டத்தைக் குழாயின் மேல் வைத்துக் குமிழி ஒரு பக்கம் ஒதுங்குகிறது என்று காட்டினால் அதை ஏற்காதீர்கள். அது சரிவின் திசையைச் சொல்லுமே தவிர அளவைச் சொல்லாது. கொத்தனார்களிடம் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் இருக்கும். அதைக் குழாயின் இரு முனைகளிலும் பிடிக்கச் சொல்லி, மட்டத்திலிருந்து குழாயின் முதுகு வரை டேப்பால் அளந்து இரண்டு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நடுவிலும் ஓரிடத்தில் அளக்கச் சொல்லுங்கள். முனைகள் சரியாக இருந்து நடுவில் குழாய் தொய்ந்திருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்தத் தொய்வில் தண்ணீர் எப்போதும் தேங்கி, சோப்பும் முடியும் படிந்து, இரண்டாம் ஆண்டில் அடைப்பு தொடங்கும். குழாய்க்கடியில் உடைந்த செங்கல் துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக முட்டுக் கொடுத்திருந்தால், ஜல்லியின் பாரம் விழுந்ததும் தொய்வு வந்தே தீரும். ஒரு மீட்டருக்கு ஒரு முட்டாவது சிமெண்ட் கலவையில் உறுதியாக அமைந்திருக்க வேண்டும்.

வளைவுகளைப் பாருங்கள். படுக்கைக் குழாய் ஒன்றுடன் இன்னொன்று சேரும் இடத்தில் நேர் ‘டீ’ இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். சாய்வாகச் சேரும் ‘ஒய்’ தான் இருக்க வேண்டும். செங்கோணத்தில் திரும்பும் இடத்தில் ஒரே 90 பாகை பெண்டுக்குப் பதிலாக இரண்டு 45 பாகை பெண்டுகளைப் பொருத்தினால் கழிவு முட்டாமல் திரும்பும். குழாயைத் தீயில் காட்டி வளைத்திருக்கிறார்களா, அல்லது ஒரு முனையை இளக்கி விரித்து அதையே சாக்கெட் ஆக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கருகிய பழுப்புத் தடமும் உள்வாங்கிய சுவரும் காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தில் குழாயின் சுவர் மெலிந்து உள்விட்டம் நெளிந்திருக்கும். நூறு ரூபாய் பெண்டுக்காகக் கடைக்குப் போகச் சோம்பி இதைச் செய்கிறார்கள். இதை நான் மன்னிப்பதில்லை.

திறந்து பார்க்க வழியில்லாத குழாயும் பிற்பாடு தொல்லைதான். செங்குத்துக் குழாயின் அடியிலும், திசை மாறும் இடங்களிலும், மூடி திருகிய ‘டோர்’ பெண்ட் அல்லது ‘டோர்’ டீ இருக்க வேண்டும். அந்த மூடி சுவருக்குள் புதைந்துவிடாமல் ஆள் கை எட்டும் இடத்தைப் பார்த்திருப்பதும் முக்கியம்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. இணைப்புகள் அப்படியல்ல, அவற்றைத் தண்ணீர்தான் சோதிக்க வேண்டும். என் சொந்த வீட்டிலேயே நான் இதில் ஏமாந்திருக்கிறேன். மாடிக் குளியலறையைப் புதுப்பித்தபோது, வேலையாட்கள் தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கையில் சோதனையை விட்டுவிட்டேன். எட்டு மாதம் கழித்துக் கீழறைக் கூரையில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரத்தடம் தோன்றியது. நீர்ப்புகாப் பூச்சில்தான் குறை என்று முடிவு செய்து மேலே இரண்டு முறை பூசியும் நிற்கவில்லை. கடைசியில் டைல்ஸை உடைத்துத் தோண்டியபோது, 75 மி.மீ. குழாய் ஒன்று சாக்கெட்டில் வெறுமனே சொருகப்பட்டிருந்தது. அளவு பார்ப்பதற்காகப் பசை தடவாமல் சொருகியிருக்கிறார்கள். பென்சிலால் போட்ட குறிகூட அழியாமல் இருந்தது. மதிய உணவுக்குப் போய்வந்தவர், அதை ஒட்டிவிட்டதாகவே நினைத்து மேலே வேலை செய்திருக்கிறார். கையால் இழுத்ததும் வெளியே வந்துவிட்டது.

ஆகவே தண்ணீர்ச் சோதனை. பிளம்பரிடம் ‘டெஸ்ட் பிளக்’ கேளுங்கள். ரப்பர் வளையம் விரிந்து குழாயை இறுக அடைக்கும் சாதனம் அது, 110 மி.மீ. அளவில் கடைகளில் கிடைக்கும். குளியலறையிலிருந்து வெளியேறும் குழாய், சேம்பரில் (வெளியே கழிவு வந்து சேரும் மூடியிட்ட தொட்டியில்) விழும் வாயில் அதைப் பொருத்தி அடைக்க வேண்டும். மாடிக் குளியலறையானால் செங்குத்துக் குழாயில் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே உள்ள டோர் வழியாக அடைக்கலாம். கம்மோடுக்கும் வாஷ்பேசினுக்கும் விட்டிருக்கும் வாய்களில் ஓரடி நீளத் துண்டுக் குழாயைத் தற்காலிகமாகச் செருகி உயர்த்திவிட்டு, எல்லாவற்றிலும் தாழ்வான வாய் விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை நிரம்பும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். உடனே குறி போடாதீர்கள். உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக வெளியேறும்போது மட்டம் சற்று இறங்கும். கால் மணி நேரம் விட்டு, இறங்கியதை நிரப்பிய பிறகு, துண்டுக் குழாயின் உட்சுவரில் நீர்மட்டத்தில் ஒரு பென்சில் கோடு இழுங்கள். அமெரிக்கக் கட்டட நெறிமுறையில் 10 அடி உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி 15 நிமிடம் பார்ப்பார்கள். நமக்கு அத்தனை உயரம் கிடைப்பதில்லை, ஆனால் அவசரமும் இல்லை. ஆகையால் மாலையில் நிரப்பி மறுநாள் காலை வரை விடச் சொல்வேன். காலையில் கோட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு விரற்கடை இடைவெளி தெரிந்தால், ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் உலர்ந்த செய்தித்தாளை வைத்துவிட்டு மீண்டும் நிரப்புங்கள். எந்தத் தாள் நனைகிறதோ அதுதான் இடம். பெரும்பாலும் அது டோர் மூடியின் ரப்பர் வாஷராகவோ, தூசியோடு சொருகிய ரப்பர் வளைய இணைப்பாகவோ இருக்கும். கம்ப்ரஸர் கொண்டுவந்து காற்றடித்துப் பார்க்கலாம் என்று எவராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; காற்றழுத்தத்தில் உடையும் பி.வி.சி. சில்லுகளாகத் தெறிக்கும்.

ரப்பர் வளைய இணைப்புகளில் இன்னொரு நுட்பம் உண்டு. குழாயைச் சாக்கெட்டின் அடிவரை தள்ளியபின் சுமார் 10 மி.மீ. பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். 3 மீட்டர் பி.வி.சி. குழாய், வெயிலில் 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய 6 மி.மீ. நீளும், அந்த நீட்சிக்கு இடம் இல்லையென்றால் குழாய் நெளியும், இல்லையேல் கிளாம்பு பிடுங்கிக்கொள்ளும். இது வெளிச்சுவரில் வெயில் படும் குழாய்க்கே மிகவும் பொருந்தும்; தளத்துக்குள் பசை இணைப்பே போதும்.

சோதனை முடிந்த அன்றே எல்லா வாய்களையும் மூடிபோட்டு அடைத்துவிடுங்கள். கொத்தனார்கள் பாண்டுச் சட்டியையும் கரணையையும் கழுவி, அந்தச் சிமெண்ட் பாலை நஹானி ட்ராப்பிலேயே (குளியலறைத் தரை நீர் இறங்கும் வளைவுள்ள வாயிலேயே) ஊற்றிவிடுவது நம்மூரில் சர்வ சாதாரணம். மறுநாள் அது ட்ராப்பின் வளைவில் கல்லாக இறுகிக் கிடக்கும், உளி வைத்தும் எடுக்க முடியாது. சாக்கு முடிச்சைத் திணித்து வைப்பது போதாது. அந்தச் சாக்கையே குழாய்க்குள்ளிருந்து தூண்டில் போட்டு எடுத்த கதையும் உண்டு.

கடைசியாக, டேப்பை விரித்துச் சுவரிலிருந்து குழாய் இருக்கும் தூரம் தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை கண்ணாடித் தடுப்புக்கோ அலமாரிக்கோ துளையிட வருபவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் துளையிடுவார். சன்கன் தளத்தின் நீர்ப்புகாப் பூச்சுக்குத் தண்ணீர் கட்டிப் பார்ப்பது வேறு சோதனை. குழாய் பதிக்கும் முன்பே அது நடந்திருக்க வேண்டும். நடந்ததா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் அதற்கும் இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

கேள்வி: மதுரையில் மாடிக்குப் புதிதாகக் குளியலறை கட்டி, அதன் குழாயைப் பழைய செங்குத்துக் குழாயிலேயே சேர்த்திருக்கிறார்கள். இப்போது மாடியில் ஃப்ளஷ் செய்தால் கீழே வாஷ்பேசினிலும் தரை ட்ராப்பிலும் ‘களக் களக்’ என்று சத்தம் கேட்கிறது, சற்று நேரத்தில் நாற்றமும் வருகிறது. வென்ட் பைப் (காற்றுக் குழாய்) வைக்கவில்லையா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குத்தான் சார், வீட்டுக்குத் தேவையில்லை” என்கிறார் பிளம்பர். அவர் சொல்வது சரியா?
– வாசகர், மதுரை

பதில்: சரியில்லை. உங்கள் வீட்டில் கேட்கும் அந்தச் சத்தமே அவருக்கான மறுப்பு.

எண்ணெய் டின்னை நினைத்துப் பாருங்கள். மூடியில் ஒரு துளை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் குபுக் குபுக்கென்று திணறி விழும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளை போட்டால் நூல் பிடித்தாற்போல் இறங்கும். கடைக்காரருக்குத் தெரிந்த இந்த இரண்டாவது துளைதான் வென்ட் பைப். செங்குத்துக் குழாயில் ஒரு ஃப்ளஷ் தண்ணீர் அடைத்துக்கொண்டு இறங்கும்போது அதன் பின்னால் காற்று வெற்றிடம் நோக்கி இழுபடுகிறது. முன்னால் இருக்கும் காற்று அமுக்கப்படுகிறது. மேலே திறந்த வாய் இருந்தால் காற்று அங்கிருந்து வந்து போகும். இல்லையென்றால் கிடைத்த வழியில் வரும். உங்கள் வீட்டில் அந்த வழி வாஷ்பேசினுக்கு அடியில் உள்ள ட்ராப்.

ட்ராப்பின் வளைவில் தங்கும் தண்ணீரை நீர்ப்பூட்டு என்கிறோம். அதன் ஆழம் குறைந்தது 50 மி.மீ. இருக்க வேண்டும் என்பது விதி. வெறும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் உங்கள் படுக்கையறைக்கும் ஊர்ச் சாக்கடைக்கும் இடையில் நிற்கும் கதவு. காற்று அதை உறிஞ்சி இழுத்துவிட்டாலோ, கீழிருந்து முட்டித் தெறிக்கவிட்டாலோ கதவு திறந்துவிடும்; அடுத்த முறை யாராவது கை கழுவும்வரை திறந்தே கிடக்கும். நாற்றம் சற்று நேரம் கழித்து வருவதற்கும் பிறகு தானாகக் குறைவதற்கும் இதுவே காரணம். ஃபினாயிலை மாற்றி மாற்றி ஊற்றுவதால் எந்தப் பயனும் இல்லை.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, மாடிக் குளியலறை சேரும் இடத்தோடு முடிந்துவிட்ட அந்தச் செங்குத்துக் குழாயை அதே விட்டத்தில் மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோய், தலையில் கவுல் (காற்று போய்வரத் துளைகள் உள்ள தொப்பி) பொருத்திக் காற்றில் திறந்துவிட வேண்டும். பழைய குழாயின் மேல்முனையை மூடி போட்டு அடைத்திருக்கிறார்களா என்று முதலில் ஏறிப் பாருங்கள். நாற்றம் வருகிறது என்று யாரோ எப்போதோ அடைத்த மூடி இருந்தால், அதை எடுத்தாலே பாதி குறை தீரும். ஆள் நடமாடும் மொட்டைமாடியானால் குழாய் தளத்திலிருந்து குறைந்தது 2 மீட்டர் உயர வேண்டும். அருகில் சன்னலோ வேறு திறப்போ 3 மீட்டருக்குள் இருந்தால், அதன் உச்சியைவிடவும் 2 மீட்டர் மேலே போயிருக்க வேண்டும். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவது பெரும்பாலும் கைப்பிடிச் சுவர் உயரத்திலேயே நறுக்கி விட்ட வென்ட்டால்தான். கொசுவுக்காக மிக நுண்ணிய வலையைக் கட்டிவிட்டால் தூசியும் ஒட்டடையும் படிந்து நாளடைவில் அதுவே அடைப்பாகிவிடும்.

இரண்டாவது, கீழ்த்தளச் சாதனங்களைச் செங்குத்துக் குழாயின் அடியில் சேர்க்காமல் தனிக் குழாய் வழியாக நேரே சேம்பருக்கும், குளியல் நீரை வீட்டுக்கு வெளியே தரையில் பதிக்கும் கல்லி ட்ராப்புக்கும் கொண்டுபோவது. மேலிருந்து விழும் தண்ணீர் அடிவளைவில் திரும்பும் இடத்தில்தான் காற்று மிகுதியாக அமுக்கப்படுகிறது. அதற்குப் பக்கத்திலேயே தரை ட்ராப்பைச் சேர்த்தால், மேலே எவ்வளவு உயர வென்ட் வைத்தாலும் கீழே முட்டிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் கீழ்த்தளத் தரையைத் தொடாமல் வெளிப்புறமாக இதைச் செய்ய முடியுமா என்று பிளம்பரோடு உட்கார்ந்து பாருங்கள். சுவரை ஒட்டிய குளியலறையானால் பெரும்பாலும் முடியும்.

குழாயை மூடாத நிலையில் இருப்பவர்கள் வென்ட்டைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. எல்லா ட்ராப்களிலும் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டு, மேலே ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் கம்மோடு வாயில் கொட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே தரை ட்ராப்பின் முன் குனிந்து டார்ச் அடித்துத் தண்ணீரின் மேற்பரப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள். லேசாக நடுங்கி அடங்கினால் சரி. உள்வாங்கினாலோ, குமிழி விட்டாலோ, கொட்டி முடிந்தபின் மட்டம் பழையபடி இல்லாவிட்டாலோ காற்றுக்கு வழியில்லை என்று பொருள். ஒரு வாளி போதாது. மூன்று நான்கு முறை பாருங்கள். வென்ட் குழாய் எங்காவது படுக்கையாக ஓடினால், அதுவும் கழிவுக் குழாயை நோக்கியே சரிந்திருக்க வேண்டும். உள்ளே வியர்க்கும் ஈரம் தேங்கினால் காற்று வழி அங்கேயே அடைபடும்.

கேள்வி: கம்மோடு வந்து இறங்கியபின் பார்த்தால், தரையில் விட்டிருக்கும் குழாய்வாய்க்கும் அதற்கும் இரண்டு அங்குலம் பொருந்தவில்லை. கடைக்காரர் பிளம்பரையும் பிளம்பர் கடைக்காரரையும் கைகாட்டுகிறார்கள். யார் மேல் தவறு?
– வாசகர், திருச்சி

பதில்: அளவு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கேளுங்கள், விடை தெரிந்துவிடும். தரையில் இறங்கும் எஸ் ட்ராப் கம்மோடுக்கு, ‘9 அங்குலம்’, ‘12 அங்குலம்’ என்று சொல்லும் தூரம், டைல்ஸ் ஒட்டி முடிந்த சுவரிலிருந்து குழாயின் மையம் வரை. குழாய் பதிக்கும் நாளிலோ சுவர் வெறும் செங்கல். அதன் மேல் காரைப் பூச்சும் ஒட்டும் கலவையும் டைல்ஸும் ஏறினால் ஒன்றரை, இரண்டு அங்குலம் தின்றுவிடும். உங்கள் இரண்டு அங்குலம் அங்கேதான் போயிருக்கும் என்பது என் ஊகம். சுவரில் போகும் பி ட்ராப்புக்கும் இதே சங்கடம் உயரத்தில் வரும். தரை டைல்ஸ் ஏறிய பிறகு வரும் மட்டத்திலிருந்து கணக்கிட்டிருக்க வேண்டும். கம்மோடை முன்பே தேர்ந்தெடுத்து, அதன் அளவுத் தாளைப் பிளம்பர் கையில் கொடுக்காமல் குழாய் பதிக்க விட்டது வீட்டுக்காரர் பக்கத் தவறுதான், மன்னிக்கவும். அளவு மாறிய இணைப்பான்கள் கடையில் கிடைக்கும். ஆனால் கழிவு செல்லும் வழியில் நெளிவு சேர்ப்பதைவிட, பொருந்தும் அளவுள்ள கம்மோடை மாற்றி வாங்குவதையே நான் சொல்வேன்.

கேள்வி: கும்பகோணம் அருகே கிராமத்து வீடு. கொல்லையில் இருக்கும் செப்டிக் டேங்கிலிருந்து புதிய குளியலறைக்குக் குழாய் இழுத்திருக்கிறோம். அந்த நீளக் குழாய் நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? டேங்கின் மேல் இரண்டடி உயரத்துக்கு ஒரு குழாய் மட்டும் நிற்கிறது; அது போதுமா?
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: நேரான குழாயைப் பார்க்க இந்தியத் தர விதிகளிலேயே அழகான இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒரு சேம்பரில் டார்ச்சைப் பிடித்து, அடுத்த சேம்பரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் பாருங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரிந்தால் குழாய் நேர். பிறை நிலவாகத் தெரிந்தால் நடுவில் வளைந்தோ தொய்ந்தோ இருக்கிறது. உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் பசையும் கலவையும் நிழலாகத் தெரியும். இன்னொன்று பந்து உருட்டுவது. குழாயின் உள்விட்டத்தைவிட 13 மி.மீ. குறைந்த வழவழப்பான பந்தை மேல்முனையில் விட்டால் அது தானே உருண்டு கீழ்முனையில் வந்து விழ வேண்டும். 110 மி.மீ. குழாய்க்குச் சுமார் 90 மி.மீ. பந்து தேவைப்படும். பிள்ளைகளின் டென்னிஸ் பந்து அதைவிடச் சிறியது என்பதால் கறாரான சோதனை ஆகாது, ஆனால் அதுவே நின்றுவிட்டால் வேறு சான்று வேண்டியதில்லை. திருப்பம் இல்லாத நேர்க் குழாயில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

இரண்டடி வென்ட் போதாது. டேங்க் வீட்டிலிருந்து 15 மீட்டருக்கு அப்பால் இருந்தால் வென்ட் 2 மீட்டர் உயரம் இருந்தால் போதும். 15 மீட்டருக்குள் இருந்தால், வீட்டின் உச்சியைவிட 2 மீட்டர் உயர வேண்டும். விட்டம் 50 மி.மீ.க்குக் குறையக் கூடாது. வாயில் கொசுவலை கட்டாயம். மழைநீர்க் குழாயை எந்தக் காரணத்துக்காகவும் இந்த டேங்கில் சேர்க்காதீர்கள். 2003-இலிருந்து மழைநீர்ச் சேகரிப்பு நம் மாநிலத்தில் கட்டாயம், அந்தத் தண்ணீருக்கு வேறு இடம் இருக்கிறது.

சோதனைக்காக ஒரு நிமிடம்தானே என்று எவரையும் டேங்குக்குள் இறக்கிவிடாதீர்கள். உள்ளே தேங்கும் நச்சுவாயு ஓரிரு மூச்சிலேயே ஆளைச் சாய்க்கும். காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து விழுவார். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

கேள்வி: படுக்கையறை ஏ.சி.யிலிருந்து இரவில் சாக்கடை நாற்றம் வருகிறது. புதுப்பிக்கும்போது ஏ.சி. தண்ணீர்க் குழாயைச் சுவருக்குள் மறைத்துக் குளியலறைக் குழாயில் சேர்த்தார்கள். தொடர்பு இருக்குமா?
– வாசகி, கோவை

பதில்: நேரடித் தொடர்பு. அந்தச் சிறு குழாயில் ட்ராப் கிடையாது, இருந்தாலும் ஏ.சி. ஓடாத மாதங்களில் காய்ந்துவிடும். குழாயைப் பிரித்து, குளியலறைத் தரை ட்ராப்பின் சல்லடைக்கு மேலே சொட்டும்படி விடுங்கள், அல்லது வெளியே செடிக்கு விடுங்கள். நேராகக் கழிவுக் குழாய்க்குள் சொருகக் கூடாது.

கேள்வி: விருந்தினர் அறைக் குளியலறையைப் புதுப்பித்து ஓராண்டாகிறது, எல்லாச் சோதனையும் செய்தோம், வென்ட்டும் உண்டு. ஆனாலும் வெளியூர் போய்த் திரும்பினால் அந்த அறை மட்டும் நாறுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் இன்னும் கூடுகிறது. மறுபடி உடைக்க வேண்டுமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: உடைக்க வேண்டாம். ட்ராப் காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நம் வெயிலில் 50 மி.மீ. தண்ணீர் சில வாரங்களில் ஆவியாகிவிடும். கதவைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால், அது வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக வேறு எங்கிருந்தாவது காற்று வர வேண்டுமே. காய்ந்த ட்ராப் வழியாகக் குழாய்க் காற்றை இழுத்துக்கொள்கிறது. இதை அற்பமாக எண்ண வேண்டாம். 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் முந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் நோய் பரவியபோது, காய்ந்துபோன தரை ட்ராப்களையும் அவற்றின் வழியே குழாய்க் காற்றை உள்ளிழுத்த குளியலறை மின்விசிறிகளையும்தான் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முக்கியக் காரணங்களாகச் சுட்டியது.

ஊருக்குக் கிளம்பும் நாளில் அந்தக் குளியலறையின் தரை ட்ராப்பில் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள், கம்மோடின் மூடியைச் சாத்துங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு குவளை ஊற்றச் சொல்லிவிட்டுப் போங்கள்.